பயன்படுத்திய மோட்டார்ப் படகை மதிப்பிடுதல்

பயன்படுத்திய மோட்டார்ப் படகை மதிப்பிடுதல் என்பது, ஏற்கனவே ஒருவரோ பலரோ ஓட்டிய சிறு படகொன்றை விலைக்கு வாங்கும் முன்னர் அதன் உடற்கூடு, இயந்திரம், எரிபொருள் அமைப்பு, மின்னமைப்பு, ஆவணங்கள் ஆகியவற்றை முறைப்படி சோதித்து, அது நீரில் செல்லத் தகுதியானதா, கேட்கப்படும் விலைக்கு ஏற்றதா எனத் தீர்மானிக்கும் செயல்முறையாகும். மகிழுந்து பழுதானால் சாலையோரத்தில் நின்றுவிடும். படகு பழுதானால் கரையிலிருந்து தொலைவில், ஆழ்நீரின் நடுவே நிற்கும். ஆதலால் இச்சோதனை பணத்தோடு உயிர்ப் பாதுகாப்பையும் சார்ந்தது.

பொழுதுபோக்குப் படகுகள் மிகப் பரவலாகப் பயன்படும் ஐக்கிய அமெரிக்காவின் நடைமுறையை இக்கட்டுரை முதன்மையாக விளக்குகிறது. அங்கு இழுவண்டியில் ஏற்றிச் செல்லத்தக்க, ஏறத்தாழ 16 முதல் 22 அடி (4.9 முதல் 6.7 மீட்டர்) நீளமுள்ள கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் கைமாறுகின்றன. தமிழகக் கடற்கரையில் விசைப்படகு என்னும் சொல் பெரும்பாலும் இழுவலைப் படகுகளைக் குறிப்பதால், இங்கு மோட்டார்ப் படகு என்னும் சொல்லே ஆளப்படுகிறது.

அடிப்படைக் கருத்து

சிறு படகொன்றின் பெருங்குறைகளில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் விளைகின்றன. நீர் இருக்கக்கூடாத இடத்தில் நீர் இருப்பதே அக்காரணம். உடற்கூட்டின் உள்ளிருக்கும் மரத்தில் நீர் புகுந்தால் மரம் உளுத்துப்போகும். மிதவை நுரையில் புகுந்தால் படகின் எடை கூடும். மசகு எண்ணெயில் கலந்தால் பற்சக்கரங்கள் தேயும். எரிபொருளில் கலந்தால் இயந்திரம் நடுநீரில் நின்றுவிடும். உருளைகளுக்குள் புகுந்தால் இயந்திரமே அழியும். எனவே மதிப்பீட்டின் ஒவ்வொரு படியையும் "நீர் எங்கே புகுந்துள்ளது?" என்ற ஒரே வினாவின் கிளைகளாகக் கொள்ளலாம்.

மேற்பரப்பின் பளபளப்பு, புதிய இருக்கை உறைகள், ஒலிபெருக்கிகள் போன்றவை இவ்வினாவிற்கு விடை தருவதில்லை. மெருகூட்டும் பசையால் ஒரே நாளில் மேற்பூச்சை மின்னச் செய்துவிடலாம். உளுத்த மரத்தை அவ்வாறு மறைத்தல் எளிது, மாற்றுதல் அரிது.

படகு வகைகள்

இயந்திரம் பொருத்தப்படும் முறையைக் கொண்டு சிறு மோட்டார்ப் படகுகள் பின்வருமாறு வகைப்படுத்தப்படுகின்றன.

• வெளிப்பொருத்து இயந்திரப் படகு: இயந்திரம் முழுவதும் படகின் பின்பலகையில் தொங்குகிறது. பராமரிப்பதும் மாற்றுவதும் எளிது.
• உட்பொருத்து இயந்திரப் படகு: இயந்திரம் படகின் உள்ளே அமைந்து, நீண்ட தண்டு ஒன்றின் வழியாகச் சுழல்விசிறியை இயக்குகிறது.
• ஸ்டெர்ன்டிரைவ் படகு: இயந்திரம் உள்ளே இருக்கும், பற்சக்கரங்கள் கொண்ட இயக்கக்கால் பின்பலகைக்கு வெளியே இருக்கும். வோல்வோ பென்ட்டா நிறுவனம் இவ்வகையை 1959இல் அறிமுகப்படுத்தியது.
• பீற்று உந்துப் படகு: நீரை உறிஞ்சிப் பின்னோக்கிப் பீய்ச்சுவதால் நகர்கிறது.

ஒவ்வொரு வகையிலும் நீர் புகும் வாயில்கள் வேறுபடுவதால் சோதனையின் அழுத்தமும் வேறுபடுகிறது. ஸ்டெர்ன்டிரைவ் வகையில் பின்பலகையில் பெரிய துளையொன்று நீர்மட்டத்திற்குக் கீழ் வெட்டப்பட்டுள்ளதால், கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

ஆவணச் சோதனை

படகைத் தொடுவதற்கு முன்னரே செய்யத்தக்கது ஆவணச் சோதனை. ஐக்கிய அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டின் கூட்டரசுப் படகுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, 1972 நவம்பர் முதல் கட்டப்படும் ஒவ்வொரு படகிலும் உடற்கூட்டு அடையாள எண் பொறிக்கப்படுகிறது. இவ்வெண் 12 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. பின்பலகையின் வெளிப்புறத்தில், வலப்பக்க மேல்மூலையில் இதைக் காணலாம். பிற்காலப் படகுகளில் இதன் இரண்டாம் படி ஒன்று வெளியில் தெரியாத இடத்தில் பொறிக்கப்படுகிறது.

முதல் மூன்று எழுத்துகள் கட்டுநரின் குறியாகும். அடுத்த ஐந்தும் வரிசை எண். 1984 ஆகத்துக்குப் பிந்திய படகுகளில், இறுதி நான்கில் முதலாவது எழுத்து மாதத்தையும் (ஜனவரிக்கு 'ஏ' முதல் டிசம்பருக்கு 'எல்' வரை), அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், கடைசி இரு இலக்கங்கள் மாடல் ஆண்டையும் குறிக்கும். எடுத்துக்காட்டாக, எண்ணின் இறுதி 'சி405' என முடியுமாயின், அப்படகு 2004 மார்ச்சில் கட்டப்பட்ட, 2005 மாடல் படகாகும்.

இவ்வெண் உரிமைச் சான்றில் உள்ள எண்ணோடு ஒத்திருத்தல் வேண்டும். எண்ணைச் சுற்றி அரம் தேய்த்த தடமோ, புதிய பூச்சோ காணப்பட்டால் அது திருட்டுப் படகாகவோ, விபத்துக்குப்பின் பின்பலகை மாற்றப்பட்ட படகாகவோ இருக்கலாம். இயந்திரத்தின் வரிசை எண்ணையும் தனியே குறித்துக்கொள்ளுதல் நன்று. படகும் இயந்திரமும் இழுவண்டியும் வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும். அவற்றின்மீது தீராத கடன் உள்ளதா என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

20 அடிக்குக் குறைவான ஒற்றை உடற்கூட்டு மோட்டார்ப் படகுகளில் கொள்ளளவுத் தகடு ஒன்று இருக்கும். ஏற்றத்தக்க ஆட்களின் எண்ணிக்கை, மொத்தச் சுமை ஆகியவற்றோடு, வெளிப்பொருத்து இயந்திரப் படகாயின் உயர்ந்தபட்சக் குதிரைத்திறனும் அதில் குறிக்கப்படும். தகடு அனுமதிக்கும் அளவினும் ஆற்றல் மிக்க இயந்திரம் பொருத்தப்பட்டிருந்தால், பின்பலகை நெடுங்காலம் மிகைவிசைக்கு உட்பட்டிருக்கும். காப்புறுதி பெறுவதிலும் இடர்ப்பாடு நேரலாம்.

உடற்கூடு

கண்ணாடியிழைப் படகு என்று அழைக்கப்பட்டாலும், பழைய படகுகள் பலவற்றின் வலிமை மரத்தைச் சார்ந்தே உள்ளது. பாலியெசுத்தர்ப் பிசினில் தோய்த்த கண்ணாடியிழைப் படலங்களுக்கு இடையே ஒட்டுப்பலகை வைத்துப் பின்பலகை உருவாக்கப்படுகிறது. படகின் அடியில் முன்னும் பின்னுமாக ஓடும் நெடுக்குச் சட்டங்களும், தளமும் பெரும்பாலும் இழை போர்த்திய மரங்களே. 1990களுக்குப் பின்னர்க் கட்டுநர் பலர் மரமற்ற கலப்புப் பொருள்களுக்கு மாறினர். எனினும் சந்தையில் உள்ள பழைய படகுகளில் மரம் பரவலாகக் காணப்படுகிறது.

இழைப்படலம் முழுமையாக இருக்கும்வரை மரம் உலர்ந்திருக்கும். இயந்திரத்தைப் பிணைக்கும் மரையாணிகள், ஏணி, நீரிறைப்பியின் வெளிவாய், வடிகால் துளை, ஆழமானியின் உணரி என ஒவ்வொன்றிற்காகவும் இடப்படும் துளை சரியாக அடைக்கப்படாவிடின், அதன் வழியே நீர் கசிந்து மரத்தை அடைகிறது. உட்புகுந்த நீர் வெளியேற வழியில்லை. ஆகவே வெளியில் எவ்வடையாளமும் இன்றி ஆண்டுக்கணக்கில் மரம் உளுக்கிறது.

பின்பலகைச் சோதனை

வெளிப்பொருத்து இயந்திரத்தை ஓரளவு சாய்த்துவைத்து, அதன் கீழ்ப்பகுதியைக் கையால் மேலும் கீழும் அழுத்தும்போது, மற்றொருவர் பின்பலகையை நோக்குவார். பலகை வளைந்து கொடுத்தாலோ, மரையாணிகளைச் சுற்றி நீர் கசிந்தாலோ, உள்மரம் கெட்டுள்ளது எனக் கொள்ளலாம். இயந்திரத்தின் பிணைப்புத் தகடு பலகைக்குள் அமிழ்ந்திருப்பதும் அதே குறியாகும்.

இரண்டாவது முறை தட்டிக் கேட்டல். சிறிய நெகிழிச் சுத்தியலால் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சீராகத் தட்டிவரும்போது, நல்ல பகுதியில் கூர்மையான ஒலி எழும். படலம் பிரிந்த அல்லது உளுத்த பகுதியில் மந்தமான ஒலி கேட்கும். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவோருக்கு இவ்வேறுபாடு புதிதன்று.

மூன்றாவதாக, ஈரமானி என்னும் கருவி பயன்படுகிறது. இது ஒப்பீட்டு அளவையே தரும். உள்ளே உலோகம் இருந்தாலோ, மேற்பரப்பில் உப்பீரம் படிந்திருந்தாலோ பொய்யான அளவு காட்டக்கூடும். ஐயம் தீராதபோது, உரிமையாளரின் இசைவுடன் உட்புறத்திலிருந்து சிறு துளையிட்டு மரத்தூளைப் பார்ப்பது உறுதியான வழி. வெளிர்நிற உலர்தூள் நல்ல மரத்தையும், கருத்த ஈரத்தூள் கெட்ட மரத்தையும் காட்டும். துளை பின்னர் எப்பாக்சிப் பிசினால் அடைக்கப்பட வேண்டும்.

தளமும் நெடுக்குச் சட்டங்களும்

தளத்தின்மீது குதிகாலை ஊன்றி நடக்கையில் எங்கேனும் மெத்தென அமுங்கினால் அடியில் உள்ள மரம் கெட்டுள்ளது. இருக்கைகளின் அடி, பின்மூலைகள், தரைவிரிப்பின் கீழ் ஆகியன முதலில் கெடும் இடங்கள். தளம் கெட்டிருப்பின் நெடுக்குச் சட்டங்களும் கெட்டிருக்கும் வாய்ப்பு மிகுதி. உட்பொருத்து, ஸ்டெர்ன்டிரைவ் வகைகளில் இயந்திரம் இச்சட்டங்களின்மீதே அமர்ந்துள்ளது. தாங்கு திருகாணிகள் பிடிப்பின்றிச் சுற்றுமாயின் சட்டம் உளுத்துவிட்டது என்பது பொருள்.

விரிசல்களும் கொப்புளங்களும்

மேற்பூச்சில் காணப்படும் எல்லா விரிசல்களும் இடரானவையல்ல. பொருள் விழுந்ததால் ஒரு புள்ளியிலிருந்து சிலந்திவலைபோல் பரவும் மெல்லிய விரிசல் பெரும்பாலும் மேற்போக்கானது. பின்பலகையின் மூலைகளிலும், ஏராவிலும், நெடுக்குச் சட்டங்களின் கோட்டிலும் இணையாக ஓடும் விரிசல்கள், உடற்கூடு அளவுக்குமேல் வளைந்ததைக் காட்டுவன. நெடுங்காலம் நீரிலேயே கட்டிவைக்கப்பட்ட படகுகளின் அடியில், பூச்சுக்குள் ஊறிய நீரால் கொப்புளங்கள் தோன்றலாம். சில சிறு கொப்புளங்களுக்காக மட்டும் படகைத் தள்ளிவிட வேண்டியதில்லை. எண்ணிக்கையும் ஆழமும் விலையில் கணக்கிடப்படும்.

அலுமினியப் படகுகள்

அலுமினிய உடற்கூட்டில் தளர்ந்த தறையாணிகள், பற்றுவைப்பு ஓரங்களில் விரிசல், அரிப்புக் குழிகள் ஆகியன நோக்கத்தக்கவை. இழுவண்டியில் இருக்கும்போதே படகினுள் சிறிதளவு நீர் ஊற்றி, அடியில் எங்கே சொட்டுகிறது எனப் பார்ப்பது எளிய சோதனை. அலுமினியப் படகுகளிலும் பின்பலகையின் உள்ளே மரம் இருப்பதுண்டு. செம்புச் சேர்மம் ஏற்றிப் பதப்படுத்திய மரத்தால் அதைப் பழுதுபார்த்திருந்தால், அம்மரமே அலுமினியத்தை அரிக்கும்.

எடையால் அறிதல்

சிறு படகு கவிழ்ந்தாலும் நீர் நிறைந்தாலும் முழுதும் மூழ்காதிருக்க, தளத்தின் அடியில் நுரை நிரப்பப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான மோட்டார்ப் படகுகளுக்கு மிதவைத் திறன் சட்டப்படி தேவை. நெடுங்காலம் நீரில் ஊறிய நுரை நீரைத் தன்னுள் தேக்கிக்கொள்ளும். தளத்தைப் பெயர்க்காமல் இதைக் கண்ணால் காண இயலாது; எடையால் கணிக்கலாம்.

படகை இழுவண்டியோடு எடைமேடையில் ஏற்றி, இருக்க வேண்டிய எடையோடு ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாக, கட்டுநர் தரும் வெற்றுடல் எடை 900 கிலோகிராம், இயந்திரம் 190, நூறு லீட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 74, மின்கலமும் பிற பொருள்களும் 60, இழுவண்டி 350 எனக் கொண்டால், மொத்தம் 1,574 கிலோகிராம் ஆகும். எடைமேடை 1,830 எனக் காட்டினால் 256 கிலோகிராம் விளக்கப்படாமல் எஞ்சுகிறது. கட்டுநர் தரும் எடைகள் தோராயமானவையாதலால் சிறு வேறுபாடு பொருட்டன்று. ஆனால் மூன்று நான்கு ஆட்களின் எடைக்கு நிகரான வேறுபாடு, நுரையிலும் மரத்திலும் தேங்கிய நீரையே பெரிதும் சுட்டும்.

இத்தகைய படகு மெதுவாகச் செல்லும் என்பதோடு தீங்கு முடிவதில்லை. ஆபத்து நேரத்தில் படகைத் தாங்க வேண்டிய நுரை, அந்நேரத்தில் அதற்குச் சுமையாக நிற்கும்.

இயந்திரம்

இயந்திரத்தைக் குளிர்ந்த நிலையிலேயே முதலில் இயக்கிப் பார்க்க வேண்டும். வாங்குபவர் வரும் முன்னரே இயந்திரம் சூடாக்கப்பட்டிருந்தால், குளிர்நிலையில் இயங்கத் தயங்கும் குறை மறைந்துவிடும். மேலுறையைக் கையால் தொட்டாலே இதை அறியலாம்.

அமுக்கச் சோதனை

எல்லாத் தீப்பொறிச் செருகிகளையும் கழற்றி, ஒவ்வோர் உருளையிலும் அழுத்தமானியைப் பொருத்தி, தொடக்க மோட்டாரால் இயந்திரத்தைச் சுழற்றி அமுக்கம் அளக்கப்படுகிறது. எண்ணின் உயரத்தைவிட உருளைகளுக்கு இடையிலான ஒற்றுமையே முதன்மையானது. பொதுவாக வேறுபாடு 10 விழுக்காட்டிற்குள் இருக்க வேண்டும். நான்கு உருளைகளில் முறையே சதுர அங்குலத்திற்கு 120, 118, 121, 90 பவுண்டு எனக் கிடைத்தால், நான்காவது உருளை பழுதுற்றுள்ளது. அடுத்தடுத்த இரு உருளைகளில் மட்டும் அமுக்கம் குறைந்திருந்தால், அவற்றின் இடையே உள்ள தலையடைப்பு கசிந்திருக்கலாம்.

கழற்றிய தீப்பொறிச் செருகிகளும் செய்தி தரும். ஒன்று மட்டும் துருப்பிடித்தோ, நீராவியால் கழுவியதுபோல் வெளுத்தோ இருந்தால், அவ்வுருளையினுள் நீர் புகுகிறது.

எண்ணெய்ச் சோதனை

நான்கு அடிப்பு இயந்திரத்தின் மசகு எண்ணெய் அளவுகோலில் பால் கலந்த காப்பி போன்ற நிறம் தெரிந்தால், எண்ணெயோடு நீர் கலந்துள்ளது. கீழ்ப் பற்சக்கரப் பெட்டியின் வடிதிருகைச் சற்றே தளர்த்திச் சில துளிகளை வடித்துப் பார்த்தல் வேண்டும். பாலேடு போன்று வெளுத்த எண்ணெய், சுழல்விசிறித் தண்டின் அடைப்பு வளையம் கெட்டதைக் காட்டும். வடிதிருகின் காந்தத்தில் மென்மையான உலோகப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. கண்ணுக்குத் தெரியும் உலோகத் துணுக்குகள் பற்சக்கரம் உடைவதன் அறிகுறி.

குளிர்விப்பு

பெரும்பாலான சிறு படகு இயந்திரங்கள் ஏரி அல்லது கடல்நீரையே உறிஞ்சிக் குளிர்கின்றன. வெளிப்பொருத்து இயந்திரத்தின் பின்புறம் பீறிடும் மெல்லிய நீர்த்தாரை, நீரேற்றி இயங்குவதைக் காட்டும். தாரை தளர்ந்தோ விட்டுவிட்டோ வந்தால் இரப்பர்ச் சுழலி தேய்ந்திருக்கலாம். நீரின்றி இயந்திரத்தை ஒரு சில நொடிகளுக்கு மேல் ஓட்டினாலே அச்சுழலி கெட்டுவிடும் என்பதால், கரையில் சோதிக்கும்போது குழாய் நீரை இணைத்தே இயக்க வேண்டும்.

உப்புநீரில் ஓடிய ஸ்டெர்ன்டிரைவ் படகுகளில், நீரால் குளிர்விக்கப்படும் வார்ப்பிரும்புப் புகைப்போக்கிக் குழல்கள் உள்ளிருந்து அரிக்கப்படுகின்றன. அவை ஓட்டையானால் நீர் பின்னோக்கி உருளைக்குள் இறங்கும். ஆகவே அவை கடைசியாக எப்போது மாற்றப்பட்டன என்பதற்கான பற்றுச்சீட்டைக் கேட்க வேண்டும்.

குளிர்நாடுகளில் மற்றோர் இடரும் உண்டு. நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும். மழைக்கால முடிவில் வயலை உழாமல் விட்டவர் அடுத்த போகத்தில் அறிவதுபோல், குளிர்காலத்திற்கு முன் நீரை வடிக்க மறந்தவர் அடுத்த கோடையில்தான் இயந்திரக் கட்டை வெடித்திருப்பதை அறிவார். கட்டையின் பக்கங்களில் துருக்கோடு, புதிய பூச்சு, எப்பாக்சி ஒட்டு ஆகியன தென்பட்டால் ஐயுற வேண்டும்.

இரப்பர்த் துருத்தி உறை

ஸ்டெர்ன்டிரைவ் படகின் இயக்கக்காலும் உடற்கூடும் சேருமிடத்தில், மடிப்பு மடிப்பான இரப்பர் உறைகள் உள்ளன. இவை நீர்மட்டத்திற்குக் கீழே உள்ள பெருந்துளையைக் காப்பவை. இயக்கக்காலை முழுவதும் உயர்த்தி, மடிப்புகளின் இடுக்கில் வெடிப்பு உள்ளதா என விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். இவ்வுறை கிழிந்தால், கட்டிவைத்த இடத்திலேயே படகு மூழ்கக்கூடும்.

ஓடிய மணிநேரம்

அமெரிக்கப் பொழுதுபோக்குப் படகுகள் பொதுவாக ஆண்டுக்கு 50 முதல் 100 மணிநேரமே ஓடுகின்றன. மிகக் குறைவான மணிநேரம் என்பது எப்போதும் நற்செய்தியன்று. பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த இயந்திரத்தில் அடைப்பு வளையங்கள் காய்ந்து, எரிபொருள் பிசுபிசுத்து, உள்பரப்புகள் துருவேறியிருக்கும். மணிநேரத்தோடு பராமரிப்புக் குறிப்பேட்டையும் சேர்த்தே நோக்க வேண்டும். உதிரிப்பாகங்கள் கிடைக்குமா என்பதும் கருதத்தக்கது. எடுத்துக்காட்டாக, 1909இல் ஓலே எவின்ரூடின் முயற்சியால் தொடங்கிய எவின்ரூட் வெளிப்பொருத்து இயந்திரங்களின் உற்பத்தி 2020இல் நிறுத்தப்பட்டது.

எரிபொருள் அமைப்பு

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது கசிந்தால் வெளியேறாமல் படகின் அடிப்பள்ளத்தில் தங்கி, ஒரு சிறு தீப்பொறியால் வெடிக்கக்கூடும். இக்காரணத்தால், மூடிய அறையில் பெட்ரோல் இயந்திரம் கொண்ட படகுகளில் ஆவியை வெளியேற்றும் காற்றூதி அமைக்கப்படுகிறது. இயந்திரத்தை இயக்கும் முன்னர் குறைந்தது 4 நிமிடங்கள் அதை ஓடவிட வேண்டும் என்பது வழக்கமான விதி. வாங்குபவர் காற்றூதி வேலை செய்வதையும், அதன் குழாய் கிழியாமல் அடிப்பள்ளம்வரை எட்டுவதையும் உறுதி செய்தல் வேண்டும்.

முந்தைய உரிமையாளர் செலவைக் குறைக்க மகிழுந்தின் தொடக்க மோட்டாரையோ மின்னாக்கியையோ பொருத்தியிருக்கலாம். தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பினும், படகுக்கென்று செய்யப்பட்டவை தீப்பொறி ஆவியை எட்டாதவாறு காப்பிடப்பட்டவை. மகிழுந்துப் பாகங்களில் அக்காப்பு இல்லை. இக்குறை கண்டால் அதை நீக்கும்வரை படகை இயக்கலாகாது.

எரிபொருள் குழாய்கள் விரலால் அழுத்தும்போது விறைத்தோ வெடித்தோ இருத்தல் கூடாது. தளத்தின் அடியில் நுரையால் சூழப்பட்ட அலுமினியக் கலன்கள், நுரையில் தேங்கும் ஈரத்தால் வெளிப்புறமிருந்து அரிக்கப்படுகின்றன. கலனை மாற்றத் தளத்தையே அறுக்க நேரிடலாம். 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நீரை ஈர்க்கும் தன்மையது. நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் பிரிந்து கலனின் அடியில் தங்கும். எனவே வடிகட்டியிலிருந்து சிறிதளவு எரிபொருளைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்துச் சற்றுநேரம் வைத்துப் பார்த்தல் நல்லது. அடியில் தனிப்படலம் தெரிந்தால் அது நீரே.

மின்னமைப்பும் பாதுகாப்புக் கருவிகளும்

படகிற்கேற்ற கம்பிகள் ஈயம் பூசிய செம்பு இழைகளால் ஆனவை என்று பேச்சுவழக்கில் கூறப்பட்டாலும், அவற்றில் பூசப்படுவது வெள்ளீயமாகும். வெறும் செம்பு உப்பீரத்தில் பச்சை பூத்து முறியும். ஒட்டுநாடா சுற்றிய இணைப்புகள், உருகிக் கம்பியின்றி மின்கலத்தில் நேராகச் செருகிய கம்பிகள், நிறமாறிய உறைகள் ஆகியன தீவிபத்திற்கு இடமளிப்பவை. நீரிறைப்பியும் அதன் தானியங்கி மிதவை விசையும் இயங்குவதை நீர் ஊற்றியே சோதிக்க வேண்டும்.

இயக்கக்காலில் பொருத்தப்பட்ட காப்பு நேர்மின்முனை, மற்ற உலோகங்களுக்கு முன் தான் அரிக்கப்பட்டு அவற்றைக் காக்கிறது. உப்புநீருக்குத் துத்தநாகமும், நன்னீருக்கு மக்னீசியமும், இரண்டிற்கும் அலுமினியமும் பயன்படுகின்றன. அது பாதியளவு கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். பழையதாயினும் சிறிதும் கரையாதிருந்தால், அதற்கும் உலோகத்திற்கும் மின்தொடர்பு இல்லை என ஐயுறலாம்.

ஓட்டுநர் தவறி விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் அவசர நிறுத்த விசை முக்கியமானது. 2021 ஏப்ரல் முதல், இவ்விசை பொருத்தப்பட்ட 26 அடிக்குக் குறைவான படகுகளை வேகமாக ஓட்டுவோர் அதன் இணைப்புக் கயிற்றையோ அதற்கு ஈடான கருவியையோ அணிவது ஐக்கிய அமெரிக்காவில் கட்டாயமாகும். கயிற்றை இழுத்து இயந்திரம் நிற்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இழுவண்டி

இழுவண்டியும் நீரில் அமிழும் பொருளே. அச்சின் உருள்தாங்கிகளில் நீர் புகுந்தால் நெடுஞ்சாலையில் சக்கரம் கழன்றுவிடலாம். சக்கரத்தை உயர்த்திச் சுழற்றும்போது உரசல் ஒலியோ ஆட்டமோ இருத்தல் கூடாது. டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்கள் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் தரும். '3218' எனில் 2018ஆம் ஆண்டின் 32ஆம் வாரம். இழுவண்டி டயர்கள் பெரும்பாலும் தேய்மானத்தால் அன்றி முதுமையாலேயே கெடுகின்றன.

நீரோட்டச் சோதனை

கரையில் செய்யும் சோதனைகளில் தேறிய படகை, நீரில் இறக்கி ஓட்டிப் பார்ப்பது இறுதிக் கட்டம். இதற்கு உடன்படாத விற்பனையாளரிடம் வாங்குவது அறிவுடைமை ஆகாது. நோக்க வேண்டியவை:

• நீரில் இறக்கியவுடன், ஓட்டும் முன்னரே அடிப்பள்ளத்தில் நீர் சேர்கிறதா?
• முன்னோக்கு, நடுநிலை, பின்னோக்குப் பற்சக்கர மாற்றங்கள் தெளிவாக நிகழ்கின்றனவா?
• சுக்கான் சக்கரம் இருபுறமும் தடையின்றித் திரும்புகிறதா?
• அணியம் உயர்ந்தே நில்லாமல், சில நொடிகளில் படகு நீரின்மேல் சமநிலைக்கு வருகிறதா?
• முழுவேகத்தில் இயந்திரத்தின் சுழற்சி, தயாரிப்பாளர் குறித்த எல்லைக்குள் எட்டுகிறதா?
• நெடுநேர ஓட்டத்திலும் வெப்பநிலை சீராக உள்ளதா?
• சூடான இயந்திரத்தை நிறுத்தி, சற்றுப்பின் மீண்டும் இயக்கினால் தயங்காமல் இயங்குகிறதா?

முழுவேகச் சுழற்சி எல்லையை எட்டாவிடின், பொருந்தாத சுழல்விசிறி, தளர்ந்த இயந்திரம், நீரூறிய உடற்கூடு ஆகிய மூன்றில் ஒன்று காரணமாகலாம். முதலாவது எளிதில் தீரும், மூன்றாவது தீராது. அமுக்கச் சோதனையும் எடைச் சோதனையும் முன்னரே செய்திருந்தால் எது காரணம் என்று பிரித்தறிய இயலும்.

மதிப்பாய்வாளர்

விலை உயர்ந்த படகுகளுக்குத் தொழில்முறை மதிப்பாய்வாளரை அமர்த்துவது வழக்கம். ஐக்கிய அமெரிக்காவில் மரைன் சர்வேயர் எனப்படும் இவர்களுக்கென இரண்டு பெரிய சங்கங்கள் உள்ளன. அவை சாம்சு, நாம்சு என்னும் சுருக்கப் பெயர்களால் அறியப்படுகின்றன. மதிப்பாய்வாளரை வாங்குபவரே தெரிவு செய்து, அவரே ஊதியமும் தர வேண்டும். விற்பவர் பரிந்துரைப்பவரின் அறிக்கையில் நடுநிலை ஐயத்திற்குரியது. உடற்கூட்டு மதிப்பாய்வாளர் இயந்திரத்தைப் பெரும்பாலும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதால், அதற்கு இயந்திர வினைஞர் தனியே தேவைப்படலாம்.

குறைகளும் விலையும்

எல்லாக் குறைகளும் ஒரே தன்மையன அல்ல. அவற்றை மூன்றாகப் பகுக்கலாம்.

• எளிதில் தீர்வன: இரப்பர்ச் சுழலி, மின்கலம், டயர், இருக்கை உறை, நீரிறைப்பி. இவற்றின் செலவை விலையிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.
• செலவு மிக்கன: புகைப்போக்கிக் குழல்கள், துருத்தி உறைகள், பற்சக்கரப் பெட்டி, எரிபொருள் கலன். வினைஞரிடம் மதிப்பீடு பெற்ற பின்னரே முடிவு செய்ய வேண்டும்.
• பெரும்பாலும் தவிர்க்கத்தக்கன: உளுத்த பின்பலகையும் நெடுக்குச் சட்டங்களும், நீரூறிய நுரை, வெடித்த இயந்திரக் கட்டை, பொருந்தாத அடையாள எண்.

இயந்திரம் கெட்டாலும் வெளிப்பொருத்து வகையில் அதைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். உடற்கூடு உளுத்தால் மாட்டுவதற்கு இடமே இல்லை. பின்பலகையையும் சட்டங்களையும் மாற்றும் செலவு, பழைய படகொன்றின் சந்தை விலையைக் கடந்துவிடுவது அரிதன்று. எனவே சோதனை உடற்கூட்டிலிருந்து தொடங்குவதே முறையாகும். அதில் தேறாத படகின் இயந்திரத்தைச் சோதிக்கச் செலவிடும் பணமும் நேரமும் வீணே.

ஐரோப்பிய நடைமுறை

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2.5 முதல் 24 மீட்டர் வரை நீளமுள்ள பொழுதுபோக்குப் படகுகளுக்கு 1994ஆம் ஆண்டின் நெறியாணையும், பின்னர் அதற்கு மாற்றாக வந்த 2013ஆம் ஆண்டின் நெறியாணையும் பொருந்தும். படகுகள் தாங்கத்தக்க காற்று, அலை ஆகியவற்றின் அளவைக் கொண்டு 'ஏ' முதல் 'டி' வரை நான்கு வடிவமைப்பு வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன. 'டி' வகைப் படகு அமைதியான நீர்நிலைகளுக்கே உரியது. அதைக் கடலுக்கென வாங்குவது தவறாகும்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வெளிப்பொருத்து இயந்திரம் கொண்ட கண்ணாடியிழைப் படகுகள் பொழுதுபோக்கிற்கு அன்றி மீன்பிடித் தொழிலுக்கே பெரிதும் பயன்படுகின்றன. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகப் பெருமளவில் இத்தகைய படகுகள் வழங்கப்பட்டன. இவற்றிற்கும் மேற்கூறிய அடிப்படை பொருந்தும். ஆயினும் இரு வேறுபாடுகள் உள்ளன. இப்படகுகள் நாள்தோறும் மணலில் இழுத்தேற்றப்படுவதால் ஏராவின் அடிப்பூச்சு தேய்ந்து இழை வெளித்தெரியும். அதன் வழியே நீர் ஊறும். மேலும், இயந்திரங்கள் பலவும் பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவையாதலால், தீப்பொறிச் செருகிகளிலும் உருளைகளிலும் கரிப்படிவு மிகுதியாக இருக்கும். பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் படகின் பக்கத்தில் எழுதப்பட்ட எண்ணும் ஒத்திருப்பதை இங்கும் முதலில் பார்க்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

• கண்ணாடியிழை
• உட்கனற் பொறி
• மிதப்பு விதி
• மின்வேதியரிப்பு
• கட்டுமரம்